அஸ்தமனத்துக்குப் பிறகு ஒரு கையெழுத்து

மிஸ் ஒடெஸ்ஸா ஃபேர்லி இறந்து சரியாக எட்டு வாரம் கழித்து ஓர் அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உயிரோடு இருந்தபோதுகூட அந்த அம்மாள் இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்ததில்லை என்று ஹார்லன் பெண்ட் ஊரில் சிலர் சொன்னார்கள். யார் அந்தச் சிலர் என்று கேட்டால் தபால் நிலைய வரிசையில் நிற்கிற எல்லோரும்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதுவும் டெல்டாவில், ஜூன் மாத வெயிலில், பேசுவதைத் தவிர வேறு எதற்கும் உடம்பு வணங்காது.

வெர்லீன் டப்ஸுக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் விழுந்தது. விழாமல் இருக்குமா? இருபத்தாறு வருடமாக, மிஸ் ஒடெஸ்ஸா இயக்குநராக இருந்த அலுவலகத்தின் நிதிப் பிரிவு என்றால் வெர்லீன்தான். இரண்டாம் ஞாயிறுகளில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தேவாலய வாசலில் நின்று யாரை எந்த இருக்கையில் உட்காரவைப்பது என்று முடிவு செய்பவளும் அவள்தான். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். இப்போது அவளைப் பற்றியே பேச்சு. அது அவளுக்குப் புதிது.

அலுவலகத்தின் வேலை சிக்கலானது ஒன்றுமில்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசு பணம் தரும். அதை வாங்கி, தேவாலயங்கள் நடத்துகிற நான்கு சின்னப் பள்ளிகளுக்கு அலுவலகம் பிரித்துத் தரும். ஒரு பள்ளிக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தால், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பதை அடுத்த மாதக் கடைசிக்குள் வாஷிங்டனின் இணையப் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஏற்றுபவர் ஒருவர். ஏற்றியதை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தன் சமையலுக்குத் தானே உப்புப் பார்த்துக்கொள்கிறவள் எப்படிச் சமைப்பாள் என்பது எந்த அரசாங்கத்துக்கும் தெரியும்.

ஏற்றுபவள் வெர்லீன். உப்புப் பார்ப்பவர் இயக்குநர் மிஸ் ஒடெஸ்ஸா. அதாவது, தாளின்படி.

தணிக்கைக்கு மாநிலத் தலைநகர் ஜாக்சனிலிருந்து வந்தவர் பெட்வே என்பவர். ஐம்பது வயது, மெதுவான ஆள். வெர்லீன் வைத்த வெண்ணெய்க் கேக்கை ஒரு நிமிடம் ஏக்கமாகப் பார்த்துவிட்டு, "ஒரு துண்டு கேக்குக்குக்கூட எங்களுக்கு விதி இருக்கு மேடம்" என்று தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சரிபார்ப்புத் தாள்களைப் புரட்டினார். ஏப்ரல் தாளில் நின்றார். தலையை நிமிர்த்தினார்.

வெர்லீனின் மேசைக்கு மேலே, சுவரில், நான்கு குண்டூசி போட்டு ஒரு காகிதம் குத்தியிருந்தது. மிஸ் ஒடெஸ்ஸாவின் இறுதிச் சடங்கு நிகழ்ச்சி நிரல். ஊதா நிறத் தொப்பியில் அவர் சிரிக்கிற படம். படத்துக்குக் கீழே, எங்கள் தேவாலயங்களில் எப்போதும் போடுகிற மாதிரி: உதயம், 1947 அக்டோபர் 11. அஸ்தமனம், இந்த வருடம் மார்ச் 4.

அதை அச்சடித்துக் கொடுத்தவளும் வெர்லீன். குத்தி வைத்தவளும் வெர்லீன். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ஏப்ரல் 29 என்று அந்தத் தாளில் தேதி எழுதியிருக்கிறாள்.

"மிஸ் டப்ஸ், இது அவங்க கையெழுத்துதானா?" என்று கேட்டார் பெட்வே. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வெர்லீன் கேக் தட்டை எடுத்து மூடி வைத்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் குடுங்க சார். பாத்துச் சொல்றேன்."

"ஒரு கையெழுத்தப் பாக்க மூணு நாளா மேடம்?" என்றார். ஆனால் கொடுத்தார்.

அவர் கார் நெடுஞ்சாலையில் திரும்புவதற்குள் அடுத்த அறை லவாண்டா தன் தங்கைக்குத் தொலைபேசி போட்டுவிட்டாள். லவாண்டாதான் ஆட்கள் நியமனம் பார்ப்பவள். தங்க நிற நகங்கள், காதுக்குள் இன்னொரு காது. அவளுக்கும் வெர்லீனுக்கும் ஒன்பது வருடமாக ஆகாது. காரணம் ஒரு பார்க்கிங் இடம்.

புதன்கிழமை, தேவாலயத்தின் சமையலறையில் பெண்கள் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். தேவாலயப் பெரியவர் டீக்கன் கெய்தர்ஸ் வெர்லீனைப் பின்வாசல் பக்கம் அழைத்தார். அலுவலக நிர்வாகக் குழுவின் தலைவரும் அவர்தான். அலுவலகத்தின் புதுக் கட்டடத்துக்கு மிஸ் ஒடெஸ்ஸாவின் பெயர் வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவர்தான். பலகை தயார். வரும் ஞாயிறு திறப்பு.

"உக்காருங்க சிஸ்டர்."

"நின்னே கேக்கிறேன் டீக்கன். உக்காந்தா எழுந்திரிக்க முடியாத சேதி மாதிரி தெரியுது."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினார். "ஒரே ஒரு தாள். நீங்களே போட்டுட்டதா சொல்லிடுங்க. துக்கத்துல புத்தி தடுமாறிப்போச்சுன்னு சொல்லுங்க. யாரு நம்பமாட்டாங்க? ஊர்ல பாதிப் பேரு ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிட்டிருக்காங்க."

"பாதிப் பேருதானா? நான் முழு ஊருன்னு நெனச்சேன்."

"வேலைய விட வேண்டி வரலாம். பென்ஷனுக்கு நான் பொறுப்பு. அவங்க பேரு தப்பிச்சுக்கும். செத்தவங்க எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதுல்ல சிஸ்டர்?"

"அதனாலதான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போனாங்க" என்றாள் வெர்லீன்.

டீக்கன் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை என்பது முகத்தில் இருந்தது. "அத நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு மீன் தட்டை எடுக்க உள்ளே போனார்.

நடந்தது இதுதான். ஐந்து வருடத்துக்கு முன் மிஸ் ஒடெஸ்ஸாவின் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று நாள், முப்பது மைல் தள்ளி, ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் படுக்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் இருவரும் மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஒப்பந்தத்தை மிஸ் ஒடெஸ்ஸா வாய்விட்டுப் படிப்பார். வெர்லீன் திரையில் விரல் வைத்துப் பார்ப்பாள். ஒரு பிழை கிடைத்தால் போதும், அந்த அம்மாளுக்குப் பெருமை பிடிபடாது. தண்டனை, வெர்லீன் சுட்டுக் கொண்டுவர வேண்டிய ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை, மாவு ஓட்டுக்குள் கிழங்கு வைத்துச் சுடுகிற இனிப்பு. அதற்கு மேலோட்டுக்குத் தனியாக வெண்ணெய்.

பிறகு ஒரு ஜனவரியில், இயந்திரத்திலிருந்து இறங்கி நேராக அலுவலகம் வந்து, படியேற முடியாமல் பாதியில் நின்றார். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிடலாம் என்று வெர்லீன்தான் சொன்னாள். மிஸ் ஒடெஸ்ஸா கேட்கவே இல்லை. வெர்லீனே அந்த வருடத்துக்கு வேண்டிய ஆறு வெற்றுச் சரிபார்ப்புத் தாள்களைக் காருக்குக் கொண்டுபோனாள்.

"இது தப்புன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் கண்ணு."

"இந்த வருஷம் மட்டும் மிஸ் ஒடெஸ்ஸா."

"எல்லாத் தப்பும் இந்த வருஷம் மட்டுந்தான்" என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். நீல மை. ஃபேர்லியின் கடைசி எழுத்துக்கு ஒரு நீண்ட வால்.

அதன்பின் ஒவ்வொரு ஜனவரியும் ஆறு தாள். இந்த வருடமும். ஜனவரி அறிக்கைக்கு ஒன்று போயிற்று. மார்ச்சில் அவரே போய்விட்டார். ஏப்ரல் 29 அன்று வெர்லீன் இழுப்பறையைத் திறந்தாள், மேலே இருந்த தாளை எடுத்தாள், தேதி எழுதினாள், கோப்பில் வைத்தாள். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. சொல்லப்போனால் ஒன்றுமே நினைக்கவில்லை. அந்த நீல வாலைப் பார்த்தபோது, அம்மாள் எங்கேயோ இருக்கிறார், வேலை நடக்கிறது என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது. அவ்வளவுதான். இதைப் போய்த் தணிக்கையாளரின் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆகவே டீக்கன் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது. யோசனை தன்னுடையது, பழியும் தன்னோடு போகட்டும். மீனைச் சாப்பிடாமல் காரை எடுத்தாள்.

வழியில் மவுண்ட் நெபோ. நான்கு பள்ளிகளில் கடைசி, சின்னது, நெடுஞ்சாலையை ஒட்டியது. விளையாட்டு முற்றத்தின் வேலி சாய்ந்துபோய் நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. பள்ளியின் ஆசிரியை அந்தக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெர்லீன் காரை நிறுத்தினாள்.

"வேலிக்கு எங்கயோ பணம் கேட்டிருந்தியே, என்ன ஆச்சு?"

"அந்த அறக்கட்டளையா? போன வருஷமே மனுவத் திருப்பி அனுப்பிட்டாங்க மிஸ் வெர்லீன். அரசாங்கப் பட்டியல்ல தேடிப் பாத்தாங்களாம். மவுண்ட் நெபோன்னு ஒரு பள்ளிக்கூடமே இல்லையாம். உங்ககிட்டக்கூட சொன்னேனே. நீங்க சிரிச்சீங்க."

சிரித்தது வெர்லீனுக்கு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் எதையாவது தேடியிருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் பட்டியலைத் திறந்தாள். நான்கு வருடத்துக்கு முன் அரசாங்கம் எல்லா அமைப்புகளுக்கும் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண் கொடுத்தது. அந்த வருடம் நான்கு எண்களையும் அவள்தான் ஏற்றினாள். மவுண்ட் நெபோவின் இடத்தில் நியூ ஹோப் பள்ளியின் எண் இருந்தது. ஒரே எண், இரண்டு தடவை. அடுத்தடுத்த வரியில். ஒருவர் படித்து ஒருவர் விரல் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு கிழங்குப் பையோடு போயிருக்கும்.

நான்கு வருடமாக வாஷிங்டன் கணக்கில் அந்தப் பிள்ளைகள் பிறக்கவே இல்லை.

ஓசைப்படாமல் திருத்திவிடலாமா என்று பார்த்தாள். பழைய அறிக்கை ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும். திறந்தால் இதைச் சரிபார்த்தவர் யார் என்று கேள்வி வரும். ஏப்ரல் தாள் மட்டும் பொய் என்று அவள் சொன்னால், மற்றத் தாள்களெல்லாம் மெய்யாகிவிடும். மெய்யானதை யாரும் திரும்பப் புரட்ட மாட்டார்கள். வேலி கயிற்றிலேயே நிற்கும்.

கீழ் இழுப்பறையில் மீதி நான்கு தாள்கள் இருந்தன. நான்கு நீல வால்கள். அவள் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லவாண்டா கதவருகே வந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஒன்பது வருடத்தில் லவாண்டா சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பெட்வே வந்ததும், வெர்லீன் அந்த நான்கு தாள்களையும் அவர் முன் வைத்தாள்.

"கையெழுத்து அவங்களுதுதான் சார். ஜனவரி ரெண்டாம் தேதி போட்டது. தேதி எழுதினது நான். அஞ்சு வருஷமா இப்படித்தான். யோசனை என்னோடது, அவங்களுது இல்ல."

பெட்வே வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "மொத்தம் எத்தனை?"

"உபயோகிச்சது இருபத்திரண்டு. அதுல பதினேழுல தப்பு இருக்கு. எங்கன்னு குறிச்சு வெச்சிருக்கேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இதையும் நான் எழுதணும் மேடம். ஒரு தாள்னா சின்னக் குறை. இது அப்படி இல்ல. இயக்குநர் பேரையும் எழுத வேண்டி வரும். அந்தப் பேரக் காப்பாத்த யாராவது என்கிட்ட வேற கதை சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

"வேற கதை இருந்துச்சு சார். நல்லாவும் இருந்துச்சு" என்றாள் வெர்லீன். "இந்த நாலுல ஒண்ண நான் வெச்சுக்கலாமா?"

"முடியாது மேடம். சாட்சியம்." சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் காகிதங்களையே அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு நடந்தது. பலகை துணி போர்த்தியபடியே சுவரோரம் நின்றது. பெயரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார் டீக்கன், வெர்லீன் பக்கம் பார்க்காமல். மிஸ் ஒடெஸ்ஸாவின் தங்கை தேவாலய வாசலில் வெர்லீனின் வெள்ளைக் கையுறையைத் தாண்டி, தானே ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். ஊர் இப்போது வேறு மாதிரிப் பேசியது: செத்தவளைக் காட்டிக்கொடுத்துத் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டாள். போன வாரம் கள்ளக் கையெழுத்துக்காரி என்று சொன்ன அதே வாய்கள். நாற்காலி மிஞ்சியது என்பது உண்மைதான். எச்சரிக்கைக் கடிதத்தோடும், இனி தனியாக எதையும் ஏற்றக் கூடாது என்ற உத்தரவோடும்.

ஜூலைக் கடைசியில், சரிபார்க்க நியமிக்கப்பட்டவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். லவாண்டா.

"நான் மெதுவாத்தான் படிப்பேன்" என்றாள்.

"படி. வேற யாருக்கும் ஃபோன் பண்ண வேண்டியதில்லன்னா."

லவாண்டா கேட்காதது போல ஒப்பந்தத்தைத் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, வாய்விட்டுப் படித்தாள். வெர்லீன் திரையில் விரல் வைத்தாள். மவுண்ட் நெபோ வந்தது. புது எண்ணை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டாள். லவாண்டா, அதிசயமாக, முகம் சுளிக்காமல் படித்தாள்.

கையெழுத்துப் போடும் முன் தங்க நகம் ஒரு கணம் நின்றது. சுவரிலிருந்த ஊதாத் தொப்பிப் படத்தைக் காட்டினாள். "அத எடுத்துரலாமே வெர்லீன். வர்றவங்க எல்லாம் அதத்தான் பாக்கறாங்க."

"இருக்கட்டும்" என்றாள் வெர்லீன். "இன்னைக்கு என்ன தேதின்னு முதல்ல எழுது. அப்புறம் கையெழுத்து."