வார்செனிக்குக்கு எந்தத் தமிழ்?

1

இருந்தவர்கள்: வார்செனிக், கராபாக் மலையில் ஹாத்ருத் ஊர்க்காரி, எங்கள் அடுமனையில் கீரை ரொட்டி தட்டுபவள். அஸ்னிவ், சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த ஆர்மீனியக்காரி, வாடகைக்கு வீடு விடுபவள். நான். ஓர் இரும்புக் கதவு.

இந்தக் கதையை எழுதக் காரணம் பொறாமை. அன்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

2

ஆர்மீனியாவின் யெரெவானில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு (கொட்டவில்லை. சாதாரண மத்தியானம்.)

வார்செனிக்குக்குச் சனிக்கிழமைக்குள் வீடு வேண்டும். போரில் ஊர் போனபின் மகளோடு ஒரு பள்ளி விடுதியில் இருந்தாள். அதைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் பேச்சைக் கேட்டதுமே மூன்று வீட்டுக்காரர்கள் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். நான் மருத்துவம் படிக்க வந்து பாதியில் விட்டவன், பதினோரு வருடமாக இங்கே இரவு வேலை. என் ஆர்மீனியன் வகுப்பில் கற்றது, சுத்தமானது. அதனால் அஸ்னிவ் வீட்டுக்கு நானும் போனேன்.

"அக்கா, நீங்க வாயத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

"ஏன், எம் பேச்சுக்கு என்னல கொறச்சல்? எங்க மலையில ஆயிரம் வருசமாப் பேசுதோம். ஒம் புத்தகம் நேத்து அச்சடிச்சது."

[முதல் வரைவில் அவளுக்குச் செய்தி வாசிக்கும் தமிழைக் கொடுத்தேன். பிணம் போலக் கிடந்தாள். யெரெவான்காரர்களுக்கே பாதி புரியாத பேச்சு அவளுடையது. அதன் திமிருக்கு நெல்லைதான் சரிப்பட்டது. அஸ்னிவின் மேற்கு ஆர்மீனியனுக்கு யாழ்ப்பாணம். இரண்டு ஊர்க்காரர்களும் என்னைத் திட்டலாம். திட்டுங்கள், அந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.]

3

கதவைத் திறந்த அஸ்னிவ் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த இடம் பிள்ளை?"

வார்செனிக் வாயைத் திறந்தாள். ஊர், மலை, மகள், விடுதி எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அஸ்னிவ் புருவத்தைச் சுருக்கினாள். நான் பயந்துபோய் யெரெவான்காரர்கள் எல்லாரும் செய்யும் அதே தவறைச் செய்தேன்.

"ரஷ்யன்ல பேசிக்கலாமே? ரெண்டு பேருக்கும் சுலபம்."

"ரஷ்யனோ?" அஸ்னிவ் என் பக்கம் திரும்பினாள். "எனக்கு அரபு தெரியும், துருக்கி தெரியும். ரஷ்யன் என்னத்துக்கு? நான் வந்த புதுசில கடைக்காரர் எல்லாரும் எனக்கு ரஷ்யனிலதான் மறுமொழி சொன்னவை. நான் ஆர்மீனியன் கதைக்கிறன், அவைக்கு அது ஆர்மீனியனாத் தெரியேல்லை!"

வார்செனிக் தொடையில் தட்டிச் சிரித்தாள். "எனக்கும் அதே கததான்! எந்த நாட்டுக்காரின்னு கேக்கான்!"

"நீர் ஆறுதலா, மெல்லமாக் கதையும். எனக்கு விளங்கும்."

"இவன் மட்டும் நடுவுல பேசாம இருக்கட்டும்."

அடுத்த கால்மணி நேரம் என் சுத்தமான ஆர்மீனியனுக்கு அங்கே வேலையில்லை. அஸ்னிவ் ஒன்று கேட்பாள். வார்செனிக் தன் பேச்சிலேயே பதில் சொல்வாள். புரியாவிட்டால் இன்னும் சத்தமாக அதையே சொல்வாள். ஒருத்திகூட ஒரு சொல்லையும் மற்றவளுக்காக மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசியில் அஸ்னிவ் அவள் கையிலிருந்த பொட்டலத்தை மோந்தாள். "கீரை ரொட்டியோ? தாரும்."

வார்செனிக் கையை இழுத்துக்கொண்டாள். "வாசப்படிக்கு மேல கைமாத்தப்படாது. எங்க பக்கம் அது ஆகாது."

வீடு கையைவிட்டுப் போயிற்று என்று நினைத்தேன். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

4

முடிவு ஒன்று: அஸ்னிவ் சாவியைக் கொடுக்கிறாள். (இனிப்பு அதிகம்.)

முடிவு இரண்டு: அஸ்னிவின் மகன் வந்து, கராபாக் ஆட்கள் வேண்டாம் என்கி

வேண்டாம். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளுக்குச் செய்தித் தமிழைக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அஸ்னிவ் ஒதுங்கி வழிவிட்டாள். "அப்ப உள்ளுக்கு வந்து தாரும். கோப்பி வைக்கிறன்."

நானும் ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"நீ எங்கல வாரே?" என்றாள் வார்செனிக். "போய்த் தூங்கு. ராத்திரி வேல இருக்கு."

ரொட்டியை மார்போடு அணைத்தபடி, தலை நிமிர்ந்து, படியைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவு மூடியது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.