எஸ்பத் ஜாபிருக்கு ஒரு சைகை

கெய்ரோவில் ஒரு பேட்டை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் சாலையோரம் நிற்பவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். மைக்ரோபஸ் என்கிற ஷேர் வேன் வேகமாக வரும். ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க ஓட்டுநருக்கு நேரமில்லை. போக வேண்டிய இடத்தைக் கையால் காட்ட வேண்டும். பிரமிடு பக்கம் போகிறவன் இரண்டு கைகளையும் கூரைபோலச் சேர்ப்பான். சுற்றுச்சாலைக்குப் போகிறவன் விரலைச் சுழற்றுவான். எங்கள் பேட்டை எஸ்பத் ஜாபிர். அதற்குச் சைகையே கிடையாது.

நூற்பாலை மூடியதில் தொடங்கியது பேட்டையின் சாவு. பிறகு சுற்றுச்சாலை எங்கள் தலைக்கு மேலே ஒரு மண்மேட்டின்மீது போனது. கீழே இறங்க வழி வைக்கவில்லை. நாங்களே மேட்டை வெட்டிப் பழைய டயர்களைப் பதித்துப் படி செய்துகொண்டோம். நோயாளியை அதில்தான் தூக்கிக்கொண்டு ஏறினோம். மணப்பெண்ணையும் அதில்தான் ஏற்றினோம். கடைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடப்பட்டன. வெளியேற முடிந்தவர்கள் வெளியேறினார்கள். மற்றவர்கள் நாங்கள்.

பேட்டைக்குள் இறங்கும் புதிய சாலையைத் திட்டமிட்டவள் ஷாஹிந்தா. பொறியியல் கல்லூரியில் என்னோடு படித்தவள். மூன்றாம் ஆண்டில் நான் படிப்பை விட்டேன். அவள் விடவில்லை. நான் மக்ரோனி ஆலையில் இரவு வேலை பார்க்கிறேன், அவள் நகரத் திட்ட அலுவலகத்தில் இருக்கிறாள். இதில் சொல்ல வேறெதுவும் இல்லை.

அவளுடைய மேலதிகாரிகள் கேட்டது நேர்ச்சாலை. சுற்றுச்சாலையிலிருந்து சரக்கு நிலையத்துக்கு லாரிகள் பேட்டையைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். அவள் அதை வளைத்தாள். மேட்டையொட்டி இறக்கி, மூடிய நூற்பாலையின் பழைய வாசலில் மடக்கி, கடைத்தெரு வழியாக விட்டு, ஆலை முற்றத்தில் முடித்தாள். முற்றத்தில் வண்டிகள் திரும்ப இடம், வரிசையாக நிற்க இடம், நடைபாதை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை. ஒரு வீடும் இடிபடவில்லை. அலுவலகத்தில் அதை 'ஷாஹிந்தாவின் முழங்கை' என்று கேலி செய்தார்கள்.

சாலை திறந்தது. ஒரு மைக்ரோபஸ்கூட இறங்கவில்லை. பையன்கள் அதில் பந்து விளையாடினார்கள்.

என் அக்கா அவாதிஃப் மட்டும் சாலையை நம்பினாள். தன் வளையல்களை விற்று, அப்பா மூடிவிட்டுப் போன குஷாரிக் கடையைத் திறந்தாள். சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்து, மேலே வறுத்த வெங்காயம் தூவி, பூண்டுத்தண்ணி ஊற்றித் தருவதுதான் குஷாரி. திறந்த இரண்டாவது வாரம் அவள் கடைக்கு எதிரே கான்கிரீட் கட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாதக் கடைசிக்குள் மைக்ரோபஸ் வராவிட்டால் அது லாரிச் சாலை, நடைபாதை நெடுகத் தடுப்பு என்று அலுவலகம் சொல்லிவிட்டது. தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கடைக்கு எவன் வருவான்?

ஷாஹிந்தா அன்று கடையில் உட்கார்ந்து குஷாரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

"ரோடு போட்டாச்சு. மேல போர்டும் வச்சாச்சு. இன்னும் என்ன பண்ணணும்?"

"போர்ட யாரு படிப்பா இஞ்சினியரம்மா?" என்றாள் அக்கா. "மைக்ரோபஸ்காரன் அவன் லைசென்ஸையே படிச்சிருக்க மாட்டான். அவன் பாக்கறது கைய."

"எந்தக் கைய?"

"அதான் நமக்கு இல்லையே. சொந்தக் கார்ல வர்றவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது. வெங்காயம் ஆறுது, சாப்பிடுங்க."

அன்று சாயங்காலமே காப்பிக் கடையில் கூட்டம் கூடியது. தலைமை ஹாஜி பக்ரி. நூற்பாலையில் கொதிகலன் பார்த்தவர், எதற்கும் அவரேதான் தலைமை.

"நூல் திரிக்கற மாதிரி விரலத் தேய்ச்சா?" என்றான் ஒருவன்.

"அது காசு கேக்கறது. எவனும் நிக்க மாட்டான்."

"ராட்டை சுத்தற மாதிரி?"

"அது சுற்றுச்சாலை. தூங்கிட்டா இருந்த இத்தன வருஷம்?"

ஹாஜி எழுந்தார். முஷ்டியை மடக்கி, முழங்கையோடு கையைச் செங்குத்தாக நிமிர்த்தினார். "புகைபோக்கி!" என்றார்.

ஆலையின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. சுற்றுச்சாலையிலிருந்து பார்த்தால் எங்களுடையது என்று தெரிவது அது ஒன்றுதான். கைதட்டல் எழுந்தது. சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலில் நின்றாள்.

"ஹாஜி, அந்தக் கைய இன்னொரு தடவ காட்டுங்க." காட்டினார். "சத்தியமா சொல்றேன், யாரோட அம்மாவையோ திட்டற மாதிரி இருக்கு."

"உன் புத்தி அப்படிப் போவுது. நாங்க பாக்கறது புகைபோக்கி."

ஒருமனதாக முடிவானது.

மறுநாள் காலை நான் வேலை முடிந்து வந்தபோது பேட்டையின் ஆண்கள் எல்லோரும் சுற்றுச்சாலை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோர் கையிலும் முஷ்டி. முதல் மைக்ரோபஸ் ஹாரனாலேயே எங்களைத் திட்டிவிட்டுப் போனது. இரண்டாவது வண்டிக்காரன் ஜன்னல் வழியாகத் துப்பினான். மூன்றாவது கிரீச்சென்று நின்றது. ஜாக்கிக் கம்பியோடு அதன் ஓட்டுநர் குதித்தான். இந்தத் தடத்தில் அவனை எல்லோரும் முதலை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எவன்டா மொதல்ல காட்டினது? தாடி நரைச்சவனெல்லாம் வரிசையா நின்னு எங்கம்மாவத் திட்டறீங்களா?"

ஹாஜி கையை இறக்க மறந்து நின்றார். "தம்பி, இது புகைபோக்கி."

"புகைபோக்கியா? எனக்கா?"

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "உஸ்தா, அடிக்கறதுன்னா சீக்கிரம் அடி. எனக்கு ஆபீஸுக்கு நேரமாவுது."

நான் நடுவில் புகுந்தேன். புகைபோக்கியைக் காட்டினேன். அதன் அடியில் இறங்கும் சாலையைக் காட்டினேன். அவன் தினமும் கடந்து போகிற சாலை. ஏதோ அரசாங்கக் கிடங்குக்குப் போகிறது என்று நினைத்திருந்தானாம்.

"கீழ வண்டி திருப்ப எடம் இருக்கா?"

"லாரியே திரும்பும்."

"போலீஸ்காரன் வெரட்டுவானா?"

"வண்டி நிக்கறதுக்குன்னே கட்டின எடம்."

"கக்கூஸு?"

"இருக்கு. தண்ணியும் வருது."

கம்பி இறங்கியது. காலையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. "ஏறுங்கடா," என்றான். ஆபீஸ்காரப் பெண் கத்தினாள். அவன் கேட்கவில்லை. ஹாஜி முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் முடிந்தவரை உள்ளே நெருக்கியடித்து ஏறினோம், மீதிப்பேர் கதவில் தொங்கினார்கள்.

வண்டி மேட்டையொட்டி இறங்கியது. ஆலை வாசலில் மடங்கியது. பிரேக்கில் கால் வைக்கவேயில்லை அவன். முற்றத்தில் ஒரே வீச்சில் வட்டமடித்துத் திரும்பினான். பின்னால் எடுக்க வேண்டியிருக்கவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு தடவை வட்டமடித்தான்.

"இத எவன்டா போட்டான்?" என்றான். வலது கையைத் தூக்கினான். விரித்த உள்ளங்கை முன்னால் போய், சரிந்து, மணிக்கட்டில் உள்பக்கமாக மடங்கியது. "வழவழன்னு எறங்கி, இப்படி மடங்குது பாரு!"

அக்கா கடை வாசலில் நின்று கரண்டியால் தட்டைத் தட்டி ஓசை எழுப்பினாள். ஆபீஸ்காரப் பெண்தான் முதலில் இறங்கினாள். "நேரம்தான் போச்சு. பூண்டுத்தண்ணி கொஞ்சம் கூட ஊத்து," என்றாள்.

முதலை தன் தடத்தின் வண்டி நிலையத்துக்குத் திரும்பிப் போய் மற்ற ஓட்டுநர்களிடம் சொன்னபோது வாயைவிடக் கை அதிகம் பேசியிருக்க வேண்டும். இரண்டு நாளில் இன்னொரு வண்டி இறங்கியது. பிறகு நாங்கள் எண்ணுவதை விட்டோம். எண்ணுவதற்கு அலுவலகமே ஓர் ஆளை அனுப்பியது. அவன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினான், இரண்டு வேளையும் அக்கா கடையில் சாப்பிட்டான்.

மாதக் கடைசியில் லாரிகள் வரவில்லை. கட்டைகளை எடுத்துப்போகவும் யாரும் வரவில்லை. கடையில் இடமில்லாதவர்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் மருந்துக்கடை வந்திருக்கிறது. அதற்கடுத்த கதவுக்குப் புதுப் பச்சை அடித்திருக்கிறார்கள். யார் வருகிறார்கள் என்று இன்னும் தெரியாது. ஹாஜி பக்ரி தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் முஷ்டியைத்தான் உயர்த்துகிறார். ஓட்டுநர்களும் அன்போடு அதையே திருப்பிக் காட்டுகிறார்கள்.

போன வாரம் வேலை முடிந்து நகரத்துக்குள் அப்பாஸியா பகுதி வழியாக வந்தேன். மைக்ரோபஸின் கடைசி இருக்கையில் சாய்ந்திருந்தேன். அறிமுகமில்லாத ஓட்டுநர், மீசை சரியாக முளைக்காதவன். சாலையோரத்தில் ஷாஹிந்தா நின்றாள். கார் இல்லை. கையை நீட்டி, சரித்து, தயங்கித் தயங்கி மடக்கினாள். வண்டி நின்றது.

"எஸ்பத் ஜாபிரா?" என்றான் பையன். "கை அப்படி இல்லம்மா. நீங்க காட்டறது நேரா போய் செவுத்துல முட்டும். இன்னும் மடக்கணும். ஆலை வாசல்ல நல்லா மடங்கும் அது."

அவள் இன்னும் மடக்கினாள். "இப்படியா?"

"ஆ, இப்ப சரி. ஏறுங்க."

என்னைப் பார்த்துவிட்டாள். வாயில் விரல் வைத்தாள். நான் பொதுவாக யார் விஷயத்திலும் தலையிடுகிறவன் அல்ல. ஆனால் அன்று முடியவில்லை.

"டேய், அந்த ரோட்ட மடக்கினதே அவங்கதான்டா!"

வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் கண்ணாடியில் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நெசமாவா? அப்ப உங்ககிட்ட காசு வாங்க மாட்டேன்." கொஞ்ச தூரம் ஓட்டினான். "இல்ல, குடுத்துடுங்க. பெட்ரோல் யாரு போடறது?"

அவள் காசை முன்னால் நீட்டினாள். அது கை மாறி மாறிப் போய்ச் சேர்ந்தது. சுற்றுச்சாலையில் எங்கள் இறக்கத்துக்குச் சற்று முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது. எல்லாக் கைகளும் ஒன்றாகச் சரிந்து மடங்கின. ஷாஹிந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி பிரேக் பிடித்தது.