பனி பூத்த பிளக்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை மறைக்க, 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்' என்று தொடங்கிப் பார்த்தேன். பொய். அன்று மழையே இல்லை. சலவைக்கூடத்து நீராவிக் குழாயிலிருந்து கழற்றிய பித்தளை வளைவு ஒன்று என் மேசையில் கிடந்தது. அதன் சுவரில் மிளகளவு ஓட்டை.

ஓட்டையைவிட இம்மியளவு பெரிய பிளக்கை, அதாவது உலோக அடைப்பானை, திரவ நைட்ரஜனில் உறையவைத்துச் சுருக்கி உள்ளே வைப்பார்கள். குளிர் விட்டதும் அது விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். அது தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் இந்தப் பட்டறையில் என் வேலை.

(எங்கள் வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இடம் போதாத இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பது பற்றி இங்கே ஓர் உவமை வருமென்று காத்திருப்பீர்கள். வராது. நான் பிளக் இல்லை.)

2

அவள் அமைதியான முகத்தோடு கணினியை—

அந்த வரியை அடித்துவிட்டேன். அமைதியான முகம் எனக்கு வராது.

பிளக் இறுக்கமாக இருந்தால் ஓட்டையின் விளிம்பு இழுபடும். தளர்வாக இருந்தால் நீராவி அதைத் துப்பிவிடும். கனத்த சுவரில் இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். இது தேய்ந்து முட்டை ஓடாகியிருந்தது*. பிளக் ஏறினால் என்னாகும் என்று கணக்கிட்டுக் காட்டும் திரையில் அந்தச் சுவர் தூக்கத்தில் மூச்சிழுப்பதுபோல் மெல்ல உப்பியது, விளிம்பு சிவந்தது. கண்ணுக்கே தெரியாத அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். கதையும் அதைத்தானே செய்கிறது?

இறுக்கமாக வைத்தால் இன்றைக்கு நிற்கும். சூடேறி, ஆறி, சூடேறி, ஆறி, ஒருநாள் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கும்.

"இது தாங்காது சார்."

பட்டறை முதலாளி சிரித்தார். "ஏம்மா, உன் கம்ப்யூட்டர்ல செவப்பா தெரிஞ்சா பித்தளை பயந்துடுமா?"

"பித்தளை பயப்பட வேணாம். கீழ நிக்கிறவங்க பயப்படணும்."

* அளவெடுத்ததும் நான் சொன்ன வார்த்தை வேறு. அச்சிலேற்ற முடியாது.

3

முதல் வரைவில் கீழே நின்றது யாரோ ஒரு தொழிலாளி. கதை நகரவில்லை. உண்மையில் அந்த வளைவு மாட்டும் இடத்துக்கு நேர் கீழே, இஸ்திரி மேசையருகே நிற்பது என் அம்மா.

(இப்போது திக்கென்கிறதா? அதுதான் எனக்கு எரிச்சல். என் கணக்கில் கீழே நிற்பவருக்கு இடமே இல்லை. யார் நின்றாலும் அதே விடை.)

அம்மா பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"புது வளைவு வர்ற வரைக்கும் கூடத்தைப் பூட்டிடுவாங்களாம். உம் பொண்ணாலதான்னு எல்லாரும் என்னை முறைக்கிறாங்கடி."

"வெடிச்சா உன் தலையிலதாம்மா."

"நீ பாத்துச் செஞ்சா ஏன் வெடிக்கும்? அதுக்குத்தானே படிச்சே?"

"முடியாதுன்னு சொல்றதுக்கும்தான் படிச்சேன்."

"வாய் மட்டும் நல்லாப் படிச்சிருக்கு."

4

முடிவு ஒன்று: நான் மறுக்கிறேன், கூடம் பூட்டப்படுகிறது, அம்மா என்னோடு பேசுவதில்லை. இன்னொன்று: பிளக் பிடிக்கிறது, கூடம் திறக்கிறது, ஒருநாள் அம்மா பெருமையாக மேலே பார்த்து—

எழுத மாட்டேன்.

முதலாளி இடுக்கியால் பிளக்கைத் திரவ நைட்ரஜனிலிருந்து வெளியே எடுக்கிறார். அதன்மேல் பனி பூத்திருக்கிறது. வெண்புகை வழிந்து பட்டறையே மேகத்துக்குள் போகிறது. அம்மாவின் முகம் கரைகிறது. "வைக்கட்டுமாம்மா?" என்கிறது ஒரு குரல். "வைக்கச் சொல்லுடி" என்கிறது இன்னொன்று. உள்ளே வைத்தாலும், குளிர் விடும்வரை ஒருசில நொடிகள் அதை உருவிவிடலாம். பிறகு முடியாது.

இந்தப் புகைக்குள் உங்களை நிறுத்துகிறேன். என் அம்மாவைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இஸ்திரி மேசையருகே இப்போது நீங்கள் பார்த்தே இராத ஒருத்தி நிற்கிறாள். இடுக்கி உங்கள் கையில். குளிர் விட்டுக்கொண்டிருக்கிறது.