எலும்பு ஓரத்துச் சிவப்பு

எல்லோரும் சௌக்கியம்தானே? சளி, இருமல், முட்டிவலி எல்லாம் எந்த மட்டில் இருக்கிறது? முக்கியமாக, வயிறு எப்படி? வயிற்றைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. இது வயிற்றைப் பற்றிய கதை. ஒரு கோழி, இரண்டு ஆண்கள், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஒரு பெண். கோழியைத் தவிர யாரும் சாகவில்லை. அதனால் பதறாமல் படிக்கலாம்.

குளிர்கிடங்கு ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் அவன். வீட்டில் அவன், மனைவி, மாமனார் என்று மூன்றே பேர். மாமனார் தையற்காரர். கடையை மூடி வெகு காலம் ஆகியும் கழுத்தில் தொங்கும் டேப்பை மட்டும் அவர் கழற்றவில்லை. அவருடைய சின்ன மகள்தான் மெக்கானிக்கின் மனைவி. அப்பாவுக்கு அவள் இன்னும் 'குட்டி'. பெரிய வைத்தியம் ஒன்றை முடித்துக்கொண்டு குட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். உதிர்ந்த முடி திரும்ப முளைத்து, கிராப்பு வெட்டிய பையனின் தலையைப் போல நிமிர்ந்து நின்றது.

அனுப்பி வைக்கும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு. எதைச் சாப்பிட்டாலும் முழுக்க வெந்திருக்க வேண்டும். இறைச்சி என்றால் இரட்டிப்புக் கவனம்.

அடுப்படியை இரண்டு ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். கஞ்சி, வேகவைத்த காய், ரொட்டி என்று கொஞ்ச நாள் ஓடியது. பிறகு குட்டிக்குக் கோழி ஆசை வந்தது. மாமனார் ஒரு முழுக்கோழியில் உப்பும் மிளகும் தடவி ஓவனில் வைத்தார். தோல் பொன்னிறமாக ஆனதைப் பார்த்து மாப்பிள்ளை வெளியே எடுத்தான். குட்டி கால் துண்டைப் பிய்த்தாள். எலும்பு ஓரத்தில் சதை சிவப்பாக இருந்தது.

அவள் கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். உள்ளே போய்ப் பையில் நாலு துணியை அடுக்கினாள்.

"அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க குழையக் குழைய வேகவைப்பாங்க. பல்லு வேணாம், ஈறே போதும். இருந்தாலும் பயமில்லாம சாப்பிடலாம்."

"எப்போ வருவே?" என்று மெக்கானிக் கேட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு கோழியை ஒழுங்கா வேகவைக்கக் கத்துக்கிட்டதும். சும்மா வெந்துருச்சுன்னு வாயால சொன்னா வர மாட்டேன். எனக்குக் காட்டணும்."

அவள் போன கையோடு வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

"நான் வச்சதோட சரி. எடுத்தது நீங்க, மாப்பிள்ளை."

"கலர் வந்துருச்சேன்னு எடுத்தேன், மாமா. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மெஷின் விஷயம்னா மாப்பிள்ளைக்குத் தெரியும்னு நெனச்சேன். ஓவனும் மெஷின்தானே?"

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டான். வீடு வெறிச்சென்று கிடந்தது. குளியலறைக் கொடியில் அவளுடைய துண்டு காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அவள் திரும்பி வர வேண்டும். அதற்கு ஒரு கோழி வேக வேண்டும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை.

மறுநாள் அவன் வேலையிடத்திலிருந்து ஒரு கருவியோடு வந்தான். துப்பாக்கி மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், அந்த இடத்தின் சூடு திரையில் தெரியும். குளிர்கிடங்குக் குழாய்களையும் சுவர்களையும் அதை வைத்துத்தான் அவன் பார்ப்பது வழக்கம்.

"இனிமே பேச்சே இல்ல மாமா. நம்பரே சொல்லிரும்."

புதுக்கோழி ஒன்று ஓவனுக்குள் போனது. அவன் கதவைத் திறந்து குறி பார்த்துச் சுட்டான். தொண்ணூற்றிரண்டு.

"அடேயப்பா! தண்ணி கொதிக்கவே நூறுதான். இது வெந்து வேதனைப்பட்டுப் போயிருக்கும்" என்று வெளியே எடுத்து வெட்டினான். நடுவில் சதை பளபளவென்று பச்சையாக இருந்தது.

மாமனார் குனிந்து பார்த்தார். டேப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"மேல்துணியைப் பார்த்துட்டு உள்ள என்ன லைனிங் போட்டிருக்குன்னு சொல்றீங்களே மாப்பிள்ளை! உங்க துப்பாக்கி தோலைத்தானே பார்க்குது?"

அது உண்மை. குழாய்க்கும் சுவருக்கும் வெளிச்சூடு தெரிந்தால் போதும். கோழிக்குப் போதாது. தன் தொழிலையே கோழிக்குள் கொண்டுவரப் பார்த்தது மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததை வெளியே காட்டாமல் கோழியைத் திரும்ப ஓவனுக்குள் தள்ளினான்.

உள்ளே குத்திச் சூடு பார்க்கிற கருவி வாங்க, பாத்திரக் கடைக்கு இரண்டு பேருமே போனார்கள். மாமனாரை யாரும் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் வாசலில் நின்றது அவர்தான்.

விற்பனைப் பெண் மூன்று தினுசு எடுத்து வைத்தாள். முதலாவதில் கடிகார முகம் மாதிரி வட்டத்தட்டு, கீழே கட்டைக் கம்பி.

"இது முள்ளு நகர நேரம் எடுத்துக்கும். கம்பியிலயும் ஒரு விரல் நீளம் உள்ள போகணும். சின்னத் துண்டுக்கு ஆகாது" என்றாள்.

இரண்டாவது, கோழியில் குத்தி ஓவனுக்குள்ளேயே விட்டுவிடுவது. வயர் வெளியே வரும். மூன்றாவது மடக்குக்கத்தி போல் இருந்தது. விரித்தால் மெல்லிய ஊசி.

"இதுதான் உடனே காட்டுறது. குத்துங்க, ரெண்டு மூணு மூச்சுக்குள்ள நம்பர் நின்னுரும். பார்த்துட்டு எடுத்துரணும். ஓவனுக்குள்ள விட்டீங்கன்னா பிளாஸ்டிக் உருகிரும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

மாமனார் ஊசியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"மெலிசுதான். தடிச்ச ஊசின்னா துணியில ஓட்டை நிக்கும்."

"கோழியிலயும் அப்படித்தாங்க ஐயா. ஓட்டை பெரிசானா சாறு எறங்கிரும். இதுல நுனிதான் எல்லாம். நுனி எங்க இருக்கோ அந்த இடத்துச் சூட்டை மட்டும்தான் சொல்லும்."

"தண்ணி பட்டா?" என்று மெக்கானிக் கேட்டான்.

"குழாயில கழுவலாம். எழுத்தும் பெரிசு, கண்ணாடி போடாமலே படிக்கலாம்." அவள் மாமனாரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் கண்ணாடி இல்லாமலே ஊசி கோத்தவன்மா" என்றார் அவர். பிறகு சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்தைப் படித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பரீட்சை. டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து இரண்டு ஐஸ் கட்டியை மிதக்கவிட்டார் மாமனார். கருவி ஆறு காட்டியது.

"பூஜ்யம்ல வரணும்? இது டப்பா, மாப்பிள்ளை. திருப்பிக் குடுத்துருவோம்."

மெக்கானிக்குக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை. குளிர் அவனுடைய ராஜ்யம். டம்ளரைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டினான். ஐஸைப் பொடித்து விளிம்பு வரை நிரப்பினான். இடுக்கு நிறைகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினான். அடியிலும் பக்கத்திலும் படாமல் ஊசியை நடுவில் பிடித்தான். பூஜ்யம்.

"டப்பா எது மாமா?"

"நான் தண்ணியில ஐஸ் போட்டேன். நீங்க ஐஸ்ல தண்ணி ஊத்துனீங்க. அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு வீட்டில் குத்துப்படாத பொருள் இல்லை. உருளைக்கிழங்கு, ரொட்டி, சூடு பண்ணிய பழைய குழம்பு, டீ. ஒரு நாள் மாமனார் நாற்காலியில் சாய்ந்து அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது கோழிக்கு!"

"நான் எவ்வளவு தூரம் வெந்திருக்கேன்னு பார்க்குறேன். முப்பத்தேழு. கோழிக் கணக்குல பாதிதான் ஆகியிருக்கு மாப்பிள்ளை, இன்னும் கொஞ்ச நாள் இருப்பேன். கவலைப்படாதீங்க."

மெக்கானிக் அதைச் சோப்புப் போட்டுக் கழுவினான். ஒரு தடவை கழுவி மனசு ஆறாமல் இன்னொரு தடவையும் கழுவினான்.

கோழியைக் குத்துவதுதான் லேசில் பிடிபடவில்லை. கோழி என்றால் எழுபத்துநாலு என்று கருவியோடு வந்த தாளில் அச்சிட்டிருந்தது. மெக்கானிக் மேலிருந்து நேராகக் குத்தினான். ஊசி சதையைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கி, அங்கே இருந்த சூட்டைப் படித்துத் தொண்ணூறு என்றது. கொஞ்சம் இழுத்தான். அறுபத்தெட்டு. வேறு இடத்தில் குத்தினான். எலும்பில் இடித்து எண் எங்கெங்கோ ஓடியது.

"தள்ளுங்க" என்றார் மாமனார்.

அவர் இடது கையால் தொடையைத் துணியோடு அழுத்தி எலும்பு எங்கே ஓடுகிறது என்று தடவினார். பக்கவாட்டிலிருந்து ஊசியைச் சாய்த்து, தொடையும் உடம்பும் சேருகிற கனமான சதைக்குள் மெல்ல நுழைத்தார். எலும்பு தட்டியதும் ஒரு நூலளவு பின்வாங்கினார்.

"இங்க பாருங்க. குத்தி எறக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுக்கணும். எந்த இடத்துல நம்பர் கம்மியா இருக்கோ, அதுதான் நம்ம நம்பர். கூட இருக்கறதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது."

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம் ரெண்டு கோழியைக் கெடுத்தேன். பக்கத்து வீட்டு நாய்தான் சாட்சி."

அன்றைக்குத் தொடையில் எண்பத்தொன்று, நெஞ்சில் எழுபத்தாறு வந்தது. நெஞ்சுச் சதை சாறோடு மெத்தென்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் முழுக்கோழியையும் காலி பண்ணினார்கள். மெக்கானிக் மனைவிக்குப் போன் பண்ணினான்.

அவள் வந்தாள். பையும் வந்தது. ஆனால் பை உள்ளறைக்குப் போகவில்லை. வாசல் கதவோரமே நின்றது. அவள் மேஜையில் உட்கார்ந்தாள்.

"காட்டுங்க."

மாமனார் எலும்பைத் தடவி ஊசியைச் சாய்த்தார். மெக்கானிக் எண்ணை உரக்கப் படித்தான். தொடை எண்பத்திரண்டு. நெஞ்சு எழுபத்தாறு. அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. மெக்கானிக் கால் துண்டைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான்.

எலும்பு ஓரத்தில் சிவப்பு.

குட்டியின் பார்வை தட்டிலிருந்து கதவோரத்துப் பைக்குப் போய்த் திரும்பியது.

"இது என்ன?" என்றாள்.

"நம்பர் எண்பத்திரண்டு..." என்று இழுத்தான் அவன்.

"நம்பரைக் கேக்கல. இது என்னன்னு கேக்குறேன்."

மெக்கானிக் ஊசியைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

"நீயே குத்திப் பாரு. சிவப்பா இருக்கற இடத்துலயே குத்து."

அவள் இன்னொரு காலில், எலும்பை ஒட்டினாற்போல் குத்தினாள். எண்பது. கொஞ்சம் இழுத்தாள். எண்பத்தொன்று. எழுபத்துநாலுக்குக் கீழே எங்கேயும் வரவில்லை. வெட்டிப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு.

"சில கோழிக்கு அப்படித்தான் இருக்குமாம்" என்றான் மெக்கானிக். "அந்தக் கடைப் பொண்ணுகிட்ட போன்ல கேட்டேன். எளங்கோழின்னா எலும்புக்குள்ள இருக்கற செவப்பு கசியுமாம். வெந்தாலும் நிறம் போகாதாம். நிறத்தைப் பார்க்காதீங்க, நம்பரைப் பாருங்கன்னு சொன்னா."

"முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சாக்குச் சொல்றேன்னு நெனப்பே."

அவள் அதை மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் ஊசியை மடக்கி விரித்து, மடக்கி விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ அன்னைக்கு, நான் போன அன்னைக்கு, அந்தக் கோழி?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெந்திருக்கலாம், வேகாமலும் இருந்திருக்கலாம்" என்றார் அப்பா. "அன்னைக்கு யாரும் அளக்கலியே குட்டி."

அவள் நெஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதிலும் தானே குத்திப் பார்த்தாள். எழுபத்தைந்து. வெள்ளையாக, சிவப்பே இல்லாமல் இருந்தது. அதைச் சாப்பிட்டாள். நிதானமாக, முழுசாக. இன்னொரு துண்டும் போட்டுக்கொண்டாள். கால் இரண்டையும் அப்பாவின் தட்டுக்குத் தள்ளினாள்.

"இதை நீங்க சாப்பிடுங்கப்பா. காலையில நீங்க நல்லா எழுந்திரிச்சீங்கன்னா நான் பையைப் பிரிக்கிறேன்."

"பெத்த மகள்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டையும் எலும்பு வெளுக்கும்வரை தின்றார்.

வேகாத இறைச்சி வேலையைக் காட்ட ஒரு ராத்திரி போதாது, சில சமயம் நாளாகும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

காலையில் பால் வந்தது. பேப்பர் வந்தது. மாமனார் வரவில்லை. பொழுது விடியும் முன் எழுந்து டீ போடுகிறவர். குட்டி அறை வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மெக்கானிக் கதவைத் தள்ளினான்.

"மாமா! மாமா!"

போர்வை அசைந்தது.

"என்ன மாப்பிள்ளை, குத்திப் பார்க்க வந்தீங்களா?"

"உடம்புக்கு என்ன?"

"ரெண்டு காலும் நானே தின்னேன். தூக்கம் வராம என்ன செய்யும்? ஒரு நாள் டீ நீங்க போட்டாத்தான் என்ன?"

குட்டி அப்பாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கினாள். உள்ளறையில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மெக்கானிக் டீக்குத் தண்ணீர் வைத்தான்.

ஊசி இப்போது அவர்கள் அடுப்படியில் கரண்டிகளோடு கொக்கியில் தொங்குகிறது. கோழி வைத்தால் குட்டிதான் குத்துகிறாள். எண் சரியாக வந்தாலும் கால் துண்டு மட்டும் இன்றைக்கும் அப்பாவின் தட்டுக்குத்தான் போகிறது. அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? வெந்ததா இல்லையா என்று யார் சொல்வது வழக்கம்? கண்ணா, விரலா, ஊசியா? எலும்பு ஓரச் சிவப்பைப் பார்த்துத் தட்டைத் தள்ளியவர்கள் யாராவது உண்டா? தள்ளிய பிறகு என்ன ஆனது? ஒன்றுவிடாமல் கீழே எழுதுங்கள். கோழிக்காகச் சண்டை போட்ட கதையாக இருந்தால், யார் ஜெயித்தார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.