நடந்து வந்த கூறைச்சேலை

சிறுவாச்சூர்க் கல்யாண மண்டபத்தில் சொந்தக்காரப் பெண்ணின் தாலிகட்டு முடிந்து, முதல் பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். செத்துப்போன மாமியாரின் கூறைச்சேலை வாசல் வழியாக நடந்து வருவதை அம்மாக்கண்ணு பார்த்தாள்.

அரக்குச் சேலை, பச்சைக் கரை, நாலு விரல் அகலத்துக்குச் சரிகை. முந்தானை ஓரத்தில் ஓமத் தீப்பொறி பட்டு ஓட்டையான இடத்தைப் பச்சை நூலால் இழையோட்டிய தையல் வேறு. சந்தேகமே இல்லை. போன தை மாதம் கிழவி சின்னம்மாள் பாடை ஏறியபோது உடுத்தியிருந்த அதே சேலை.

அதைக் கட்டிக்கொண்டு வந்தவள் பெரம்பலூர் வக்கீல் கிருஷ்ணமூர்த்தியின் மனைவி பத்மாசினி. இந்த அம்மாளைப் பற்றிப் பேசிச் சிரிக்காத பெண்பிள்ளை டவுனில் கிடையாது. ஊரே நைலக்ஸும் பாலியெஸ்டருமாகத் திரிகிற எண்பத்திரண்டாம் வருஷத்தில் இவள் ஒருத்தி மட்டும் பழம்புடவை தேடி அலைவாள். வீட்டில் கரண்டு இருக்கும்போதே அரிக்கேன் விளக்கு ஏற்றுவாள். யார் வீட்டிலோ கழித்துப் போட்ட அண்டா, செம்பு, மரப்பெட்டி எல்லாவற்றையும் புளி போட்டும் எண்ணெய் போட்டும் துலக்கிக் கூடத்தில் அழகு பார்ப்பாள். "நாம தூக்கிப் போடுற பழசையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போறாளே, நம்ம மாமியாருங்களையும் கேட்டான்னா சந்தோசமா குடுத்துடலாம்" என்று அம்மாக்கண்ணுவே ஒருநாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் இருந்தது. "எந்தக் கூறையில இந்த வூட்டுக்கு வந்தேனோ, அதோடயே என்னைக் கொளுத்துங்க" என்பது சின்னம்மாளின் கடைசி ஆசை. மகள் கண்ணகிக்கு அந்தச் சேலைமேல் கொள்ளை ஆசை. அம்மா சொல்லுக்காக வாயைத் திறக்காமல் விட்டுக்கொடுத்தாள். புருஷன் குழந்தைவேல் உயிரோடு இருக்க, சுமங்கலியாகப் போன கிழவி, அத்தனை பெண்களும் பார்க்கப் பார்க்க அந்தச் சேலையோடுதான் தெருமுனையைத் தாண்டினாள். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கமில்லை.

அந்த வழக்கம்தான் அம்மாக்கண்ணுவுக்கு வசதியாகப் போயிற்று. பாடை கிளம்புமுன்பே புருஷன் நடராசனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப் போய், "அவ்வளவும் வெள்ளிச் சரிகை. நெருப்புல போனா யாருக்கு என்ன லாபம்? கழட்டிக் கொண்டாந்துடுங்க" என்று ஓதிவிட்டாள். அவனும் கொண்டுவந்தான். சுடுகாட்டில் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவுமில்லை. சேலை திருச்சியில் சரிகை உருக்குகிற கடைக்குப் போயிற்று. இருபது வருஷமாக அந்தச் சேலை இருந்த பெட்டிப் பக்கமே தன்னை அண்டவிடாத கிழவியை ஜெயித்துவிட்டதாக அவளுக்கு ஒரு திருப்தி. கடைக்காரன் துணியை எரித்துவிடுவான், ஒரு பயலுக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தாள். நடுவில் இந்தப் பழந்துணிப் பைத்தியம் வந்து புகும் என்று யார் கண்டது!

கண்ணகி உள்ளே பந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படுவதற்குள் இந்தப் பொம்பளையைக் கிளப்பிவிட வேண்டும். அம்மாக்கண்ணு ஓடினாள்.

"வாங்கம்மா, வாங்க. கீழ ஒரே கூட்டம். மாடியில போய் உக்காருங்க, எலையை அங்கயே கொண்டாரச் சொல்றேன்."

"இருக்கட்டுங்க, எனக்குக் கூட்டம் பிடிக்கும்" என்றாள் பத்மாசினி. அம்மாக்கண்ணுவின் பார்வை சேலையிலேயே நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே குஷி. "நல்லா இருக்கில்ல? தொட்டுப் பாருங்க. இப்ப வர்றதெல்லாம் ஒரு துணியா? கடைக்காரர் அடுப்புல போடப் போனார். கையைப் பிடிச்சு நிறுத்தி வாங்கிட்டு வந்தேன். இந்தத் தையலைப் பாருங்களேன், யாரோ ஒரு மகராசி என்ன பொறுமையா இழையோட்டியிருக்கா! இதைக் கட்டினா கழட்டவே மனசு வரல."

"சரிங்கம்மா, மெதுவாப் பேசுங்க" என்று அம்மாக்கண்ணு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் பின்னால் சாம்பார் வாளி தரையில் மோதிய சத்தம் கேட்டது. கண்ணகி நின்றுகொண்டிருந்தாள்.

"இது எங்கம்மா சேலை!" பாய்ந்து வந்து முந்தானையைப் பிடித்துவிட்டாள். "பொணத்து மேல கெடந்ததைச் சுத்திக்கிட்டு கல்யாண வூட்டுக்கு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

பெண்கள் பதறிப்போய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மணப்பெண்ணின் தாய் "ஐயோ, முகூர்த்த நாளும் அதுவுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பத்மாசினியின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் இறங்கிப்போகிறவள் இல்லை.

"கையை எடு. நான் காசு குடுத்து வாங்கினது. பழசுன்னா செத்தவங்க உடுத்தினதாத்தான் இருக்கும். வித்தவனைப் போய்க் கேளு."

"எவன் வித்தான்?"

அம்மாக்கண்ணு கூட்டத்தில் நடராசனைத் தேடினாள்.

"எனக்கெப்படித் தெரியும்? யாரோ ஒரு ஆம்பிளை கொண்டாந்து போட்டதாக் கடைக்காரர் சொன்னார்."

"வேற எவன்? வெட்டியான் மாயவனாத்தான் இருக்கும்" என்று கூட்டத்தில் ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது. அப்பாடா என்றிருந்தது அம்மாக்கண்ணுவுக்கு. உடனே எல்லாரையும் மிஞ்சிக் கத்தினாள்: "அவனேதான்! சுடுகாட்டுல கைவைக்க அவனை வுட்டா யாரு இருக்கா?" நடராசன் வேட்டியை மடித்துக் கட்டினான். "அந்த நாய் கையை ஒடிக்காம வுடமாட்டேன். வண்டியை எடுங்கடா!" நாலைந்து இளவட்டங்கள் அவனோடு கிளம்பிவிட்டார்கள்.

"மாயவன் மேல எவனாச்சும் கைவச்சீங்க, நடக்கறதே வேற!"

குழந்தைவேல். பெண்டாட்டி போனதிலிருந்து மருமகள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு மூலையில் கிடந்த கிழவர், கோலை ஊன்றி எழுந்து நின்றார்.

"நீங்க உக்காருங்கப்பா" என்றான் நடராசன்.

"உக்காந்து உக்காந்துதான்டா நாசமாப் போனேன். சோத்துக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன். வாய்க்கரிசி போட்டுட்டு எல்லாரும் குளிக்கப் பம்புசெட்டுப் பக்கம் போனப்புறம் அங்க நின்னது நாங்க மூணு பேருதான். சேலையை உருவுனது இவன். எம் பொண்டாட்டியை வெறும் ஒடம்பா வெறகு மேல போட்டுட்டு இவன் சேலையை மடிச்சுக்கிட்டிருந்தான். மாயவன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, தன் தோள்ல கெடந்த துண்டை எடுத்து அவ மேல போத்துனான்."

கிளம்பிய இளவட்டங்கள் வாசலிலிருந்து திரும்பி வந்தார்கள்.

"கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு! மதுரகாளி சத்தியமாச் சொல்றேன்..." என்று நடராசன் ஆரம்பித்தான்.

கண்ணகி திரும்பினாள். "நீ சொல்லு அண்ணி. அப்பா சொல்றது பொய்யா?"

ஆமாம், பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவரின் பேச்சு எடுபடாது. அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். ஆனால் வெறும் ஒடம்பா என்ற சொல் அவள் நெஞ்சில் குத்தி நின்றது. என்ன பகை இருந்தாலும், கிழவியைக் கடைசியாக மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியவள் அவள்தான். ஆத்திரம் தலைக்கேறியது.

"அட பாவி மனுசா! மாத்திக் கட்டிவுடச் சொல்லித்தானே மஞ்சப்பையில நூல்சேலை குடுத்தனுப்புனேன்! அதை எங்கய்யா போட்டுத் தொலைச்ச?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. கண்ணகி வக்கீல் வீட்டம்மாளின் முந்தானையை விட்டுவிட்டு அண்ணியை நோக்கி வந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.