புள்ளி வைத்த கார்புரேட்டர்

கார்புரேட்டர் பெரிதாக இருந்தால் கார் பறக்கும் என்று நினைக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார்புரேட்டருக்குள் காற்று குறுகிப் போகிற இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு வளையம் இருக்கும். நாங்கள் அதைக் கழுத்து என்போம். கழுத்து அகலமாகிவிட்டால் காற்றுக்குச் சோம்பல் வந்துவிடும், பெட்ரோலை இழுக்காது. மேட்டில் மிதித்தால் எஞ்சின் விக்கி நின்றுவிடும்.

பழைய கார்களைச் சேர்த்து வைக்கும் டாக்டர் ஒருவருடைய அறுபது வயதுக் காருக்கு மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயிரத்து ஐந்நூறு சிசி எஞ்சின், நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று. இதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று போட்டுப் பார்த்து, இருபத்தாறு மில்லிமீட்டர் கழுத்து என்று முடிவு செய்தேன். டாக்டரிடம் இன்னும் பதினொரு பழைய கார்கள் இருந்தன. "இது ஊருக்கு வெளிய இருக்குற மேட்டுல செகண்ட் கியர்ல திணறாம ஏறட்டும், அத்தனையும் உங்க பட்டறைக்குத்தான்" என்றிருந்தார். நாங்கள் வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

பட்டறை எனக்கும் மச்சானுக்கும் பொது. மச்சான் என் மனைவியின் அண்ணன். வயதில் எனக்கு ஒரு மாதம் இளையவன், அதனால் வாடா போடாதான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அளந்து சரிபார்த்த பாகத்தில் ஆணியால் ஒரு புள்ளி கீறி வைப்பான். புள்ளி இருந்தால் மற்றவன் பிரிக்கக் கூடாது. ஒருமுறை நான் பிரித்துவிட்டதற்கு மச்சான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

கார்புரேட்டருக்குள் கழுத்தைப் பொருத்தியவன் அவன். புள்ளி வைத்து கார்புரேட்டரைக் கையில் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினில் மாட்டினேன்.

சமதளத்தில் ஓடியது. டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேட்டின் பாதியில் மிதித்தேன். விக்கியது, இருமியது, நின்றே விட்டது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஊரைக் கூட்டினான்.

"கணக்கு தப்பாயிடுச்சா?" என்றார் டாக்டர்.

பைக்கில் பின்னாலேயே வந்த மச்சான் இறங்கினான். "அளவு பெருசுன்னு நான் அப்பவே சொன்னேன் டாக்டர். மாப்ள கேக்கல." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து துணியில் சுற்றிய வளையத்தை எடுத்தான். கால் மணி நேரத்தில் மாற்றியும்விட்டான். கழற்றிப் போட்டதை எடுத்து அதில் பொறித்திருந்த அளவைப் பார்த்தேன். முப்பத்திரண்டு. அவன் துணியைப் பிரித்து மாட்டியதில் இருந்தது இருபத்தாறு. என் இருபத்தாறு!

முப்பத்திரண்டைக் காட்டினால் 'நீங்க மாட்டினதுதானே' என்பார் டாக்டர். அவரை ஏற்றிக்கொண்டு மச்சானே ஓட்டினான். கார் நோகாமல் ஏறியது. என் கணக்கு சரி என்பதை ரோட்டோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது டாக்டர் அவன் தோளில் கை போட்டிருந்தார். பதினொரு கார்களும் அவனுக்கு, அவனுக்கு மட்டும். தனிப் பட்டறைக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தானாம்; அதையும் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தினம் மதியம் என் வீட்டில் சாப்பிட்டவன்.

டாக்டர் போனதும் கேட்டேன். "ஏன்டா மச்சான்?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எத்தன நாளைக்குடா உன் கணக்குக்கு நான் ஸ்பேனர் புடிக்கிறது?" என்றபடி பைக்கை உதைத்தான். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். "நீ ஒரு தடவ பிரிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, மாப்ள."

"புள்ளி வச்சிருந்தியேடா" என்றேன்.