கல்லடிப் பாலத்தில் ஒன்று தசம் எட்டு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள், முற்பகல் பதினொன்றேகாலில் இருந்து கல்லடிப் பாலத்துக் காவலரண் மங்கலாகிக் கிடந்தது. புகையுமில்லை, பனியுமில்லை. மண்மூட்டைகள் தவிட்டு நிறக் கறையாகவும், தார்ப்பீப்பாய்கள் நீல வட்டங்களாகவும் கரைந்து நின்றன. இதைச் செய்தவள் காத்தான்குடி றஸீனா.

குவைத்தில் ஆறு வருடம் சமையற்கட்டில் நின்றவளுக்கு, ஊர் திரும்பும்போது வீட்டுக்காரி கொடுத்தனுப்பியது ஒரு டிஜிட்டல் கெமராவும், இரண்டு லென்ஸும், அரபியில் ஒரு கையேடும். றஸீனா அறிந்த அரபி அடுப்படி அரபி. ஆகவே கெமராவையும் அடுப்படி வழியாகவே கற்றாள். லென்ஸின் துவாரம் தண்ணீர்க் குழாய். அகலத் திறந்தால் வெளிச்சம் கூடப் பாயும். ஷட்டர் என்பது குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது. வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும் ஐ.எஸ்.ஓ. மிளகாய்த்தூள், அளவுக்கு மிஞ்சினால் படத்தில் பொடி மிதக்கும். துவாரத்தின் எண்தான் தலைகீழாக இருந்தது. “இதென்னகா, நம்பர் குறையக் குறைய வாய் பெருக்குது?” என்று அடுத்த வீட்டு உம்மு குல்தூம் கேட்டாள். “எங்கட மாமிய நினைச்சிக்க. ஆள் சின்னன், வாய் பெரிசி” என்றாள் றஸீனா. அப்படியே உம்மு குல்தூமை முன்னே நிறுத்தி, ஆகக் குறைந்த எண்ணான ஒன்று தசம் எட்டில் ஒரு படம் எடுத்தாள். படத்தில் பின்னணி மங்கியது, முற்றத்திலும் மங்கியது. தங்கள் அலகு எங்கே முடிகிறதென்று தெரியாமல் கோழிகள் மூன்று நாள் அலைந்தன. பதினாறில் இன்னொரு படம் எடுத்த பிறகே தெளிந்தன.

மணப்பெண் அறைக்குள் படமெடுக்கப் பெண்ணொருத்தி கிடைத்தாள் என்று ஊரூராக அழைத்தார்கள். கல்லடியில் சீதேவிப்பிள்ளையின் மகள் கண்ணகையின் கலியாணத்துக்கும் அவள்தான். வழமைப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வரவேண்டும். கரடியனாற்றிலிருந்து விடியவே புறப்பட்டவர்கள் பாலத்தின் அக்கரையில் மறிபட்டு நின்றார்கள். பாலத்தை ஆமிக்காரர் ஒன்பது மணிக்கே பூட்டிவிட்டார்கள். முகூர்த்தம் பதினொன்றரையோடு முடிகிறது. “மறுகா ஆவணியிலதான் நாள் இருக்காம். அதுவரைக்கும் கரடியனாத்து றோட்டு திறந்து கிடக்குமோ புள்ள?” என்று சீதேவிப்பிள்ளை மூக்கைச் சிந்தினாள். போர் மறுபடி தொடங்கியிருந்தது. “அழாதீங்க அக்கா, நான் ஒருக்காப் போய்ப் பாக்கன்” என்று றஸீனா பாலத்தடிக்கு நடந்தாள்.

காவலரண் பக்கம் கெமராவைத் திருப்பினால் கெமராவும் போகும், ஆளும் போவாள். சின்ன எண்ணுக்குத் திருப்பிய அவசரத்தில் சில்லு தவறான பக்கம் கிறுகி இருபத்திரண்டில் நின்றது. பொத்தானை அமுக்கியதும், அங்கிருந்து மேற்கே உலகம் முழுவதும் தெளிந்தது. மாப்பிள்ளையின் தாடையில் சவரக் கீறல் தெரிந்தது. கரடியனாற்று வட்டையில் நெற்கதிரின் கூர் தெரிந்தது. அதற்கும் அப்பால் மகியங்கனையில் ஒருத்தி கொடியில் சாரம் காயப்போடுவது தெரிந்தது. கையை ஓங்கியபடி ஓடிவந்த சிப்பாய் அந்தத் திசையைப் பார்த்து, ஓங்கிய கையோடு நின்றான். சிங்களத்தில் “அம்மே” என்றான்.

றஸீனா லென்ஸை மாற்றி, ஒன்று தசம் எட்டில் வைத்து, மாப்பிள்ளையின் தலைப்பாகையைக் குவித்து எடுத்தாள். இடையிலிருந்த காவலரண் சிப்பாயோடு சேர்ந்து கரைந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதனூடே தட்டுகளோடு நடந்து வந்தார்கள். மண்மூட்டையில் உரசிய மாப்பிள்ளையின் தகப்பனுடைய சால்வையில் ஏறிய தவிட்டு நிறம் மூன்று வெளுப்புக்குப் பிறகே போயிற்று. பதினொன்று இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

சோறு தின்ற கையோடு றஸீனா திரும்பிப் போய்ப் பதினாறில் எல்லாவற்றையும் தெளியவைத்தாள். காதோரம் இன்னும் சற்று மங்கலாயிருந்த சிப்பாய் கிட்ட வந்தான். “அக்கே, பெரிய நம்பர் திரும்ப ஏலுமா? அம்மா தெரிஞ்சது.”

அதன்பின் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அவள் பாலத்தடியில் இருபத்திரண்டில் ஒரு படம் எடுத்தாள். மூன்றாம் வாரம் மகியங்கனைத் தாய் தலைசீவி, நல்ல சேலை உடுத்து வாசலில் காத்திருந்தாள். ஐந்தாம் வாரம் கரடியனாற்றிலிருந்து கண்ணகையின் மாமியார், தன் மகன் மெலிந்து போனானென்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். புருஷனோடு பாலத்தடிக்கு வந்திருந்த கண்ணகை அவனுடைய தொந்தியைத் தட்டிக் காட்டினாள். மழை பெய்யும் ஞாயிறுகளில் மட்டும் அது நடக்கவில்லை, லென்ஸ் நனைந்துவிடும்.